பிணைக் கையெழுத்துக்குப் பயப்படும் நாங்களும், வழக்குக் கடதாசி வாசிக்கத் தெரியாத உம்மாமாரும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுவதையும் வாசியுங்கள். யாருடைய வீட்டுக்கும் இது தேவைப்படக் கூடாது என்பதுதான் என் துஆ. ஆனால் ஊர் இருக்கிற இருப்பில், தேவைப்படாது என்று சொல்லவும் முடியவில்லை.

மூன்று கிழமைக்கு முதல், ஒரு வியாழக்கிழமை. அஸர் தொழுதுவிட்டு எழும்பும்போது கேட்டடியில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். முகத்தை உடனே மட்டுக்கட்ட முடியவில்லை. "டீச்சர், நான் இன்னாருட உம்மா" என்ற பிறகுதான் விளங்கியது. அவருடைய மகனுக்கு எட்டாம் ஆண்டில் நான் தமிழ் படிப்பித்திருக்கிறேன். கையெழுத்து அழகான பிள்ளை. ஓ.எல். எழுதிவிட்டு கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் நின்றான். ஐந்து மாதமாக விளக்கமறியலில் இருக்கிறான். ஐஸ் வழக்கு.

(அந்த உம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை மாற்றியிருக்கிறேன். தயவுசெய்து கொமெண்டில் யார், எந்த வட்டாரம் என்று தேடாதீர்கள்.)

அவர் கையில் ஒரு ஷொப்பிங் பேக். உள்ளுக்குள் கடதாசிகள். சிலது மடிந்து, சிலது தேத்தண்ணிக் கறையோடு. "இதுல என்ன எழுதியிருக்கு எண்டு பாத்துச் சொல்லுங்க டீச்சர். எல்லாம் சிங்களத்துல இருக்கு."

எனக்குச் சிங்களம் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். நீதிமன்றச் சிங்களம் வராது. எங்கள் பாடசாலையில் சிங்களம் படிப்பிக்கும் டீச்சரைக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாக மஃரிப் வரைக்கும் இருந்து ஒவ்வொன்றாக வாசித்தோம். அந்தப் பையில் இருந்தவை இவ்வளவுதான்: பொலிஸார் நீதவானுக்குக் கொடுத்த பீ அறிக்கையின் பிரதி. வழக்கேட்டுக் குறிப்புகளின் பிரதி நான்கு பக்கம். அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கைப் பிரதி ஒன்று. அடகுக் கடை ரசீது இரண்டு. ஒரு கொப்பித் தாளில் யாரோ பேனையால் எழுதிய தொலைபேசி இலக்கமும், "40, 35, 25" என்ற கணக்கும்.

அந்தக் கணக்கு ஒரு இலட்சம் ரூபாய். "கோர்ட்டில ஆள் இருக்கு" என்று சொன்ன ஒரு காக்காவிடம் மூன்று தரமாகக் கொடுத்த காசு. அவர் சட்டத்தரணி இல்லை. சட்டத்தரணியின் எழுதுவினைஞரும் இல்லை. ரசீதும் இல்லை.

வாசிக்க வாசிக்க எங்கள் இரண்டு பேருக்கும் நெஞ்சு அடைத்தது. அடுத்த தவணை 24ஆம் திகதி என்று அந்த ஆள் சொல்லியிருந்தார். குறிப்பில் இருந்தது 17. அது போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. முந்தின தவணைக்கு உம்மா இரவு பஸ்ஸில் போய் நீதிமன்ற வாசலில் நின்றிருக்கிறார். மகனைக் கொண்டுவரவே இல்லை, சிறையிலிருந்து காணொளியில் காட்டியிருக்கிறார்கள். மூன்று தவணையாக மகனுக்காக எந்தச் சட்டத்தரணியும் எழும்பவில்லை என்று குறிப்பில் தெளிவாக இருந்தது. எல்லாவற்றையும் விடப் பெரியது, பகுப்பாய்வாளரின் அறிக்கை நீதிமன்றத்துக்கு வந்து இரண்டு மாதம் கடந்திருந்தது. அந்த அறிக்கைக்காகத்தான் எல்லாரும் காத்திருப்பதாக அந்த ஆள் சொல்லிக்கொண்டிருந்தார். "இது முக்கியமில்லாத கடதாசி, வெச்சிக்கிடுங்க" என்று சொல்லி உம்மாவின் கையில் கொடுத்ததும் அவர்தான்.

அதாவது, கடதாசி பைக்குள் கிடந்தது. பிள்ளை உள்ளே கிடந்தான். இரண்டு மாதம்.

அந்த அறிக்கை ஏன் முக்கியம் என்பதை பிறகு ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பொலிஸார் பிடிக்கும்போது நிறுக்கிற நிறை வேறு, பகுப்பாய்வில் வரும் சுத்தமான நிறை வேறு. இந்தப் பிள்ளையின் பீ அறிக்கையில் 3 கிராமுக்கு மேல். அறிக்கையில் சுத்தமான அளவு ஒரு கிராமைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு ஐஸ் 5 கிராமோ அதற்கு மேலோ என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகும். இப்படியான வழக்கில் நீதவானால் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றத்துக்கு மனுப் போட்டு, விசேட காரணங்களைக் காட்ட வேண்டும். சுத்தமான நிறை 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போக வேண்டும். ஆகவே நீதவான் நீதிமன்ற வாசலில் ஐந்து மாதம் நின்று "இந்தத் தவணை பிணை கிடைக்கும், அடுத்த தவணை கிடைக்கும்" என்று ஒருவர் சொன்னால், அவருக்குச் சட்டம் தெரியாது, அல்லது உங்கள் காசு நன்றாகத் தெரியும்.

இதை எழுதும்போதே சிலர் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "குடுக்காரனுக்கு டீச்சர் வக்காலத்து வாங்குறா."

நான் போதைக்கு வக்காலத்து வாங்கவில்லை. வகுப்பில் நிற்கிற ஆள் நான். முதல் பாடவேளையிலேயே மேசையில் தலை வைக்கிற பிள்ளைகளைக் காண்கிறேன். உம்மாவின் தங்கத்தைத் திருடின பிள்ளைகளின் கதையை உம்மாமார் என்னிடம்தான் வந்து அழுகிறார்கள். விற்கிறவனைப் பிடிக்க வேண்டும், நிரூபித்தால் தண்டிக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் விளக்கமறியல் என்பது தண்டனை இல்லை. அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, குற்றவாளி என்று தீர்க்கப்படும் வரை ஒருவர் சுற்றவாளி என்றுதான் சொல்கிறது. எங்கள் சிறைச்சாலைகளில் தண்டனை பெற்றவர்களை விட விளக்கமறியலில் இருப்பவர்கள்தான் கூட. "உள்ளுக்குக் கிடந்து படிக்கட்டும்" என்று சொல்கிறோமே, அங்கே யாரிடம் படிப்பான்? ஒரு கிராமோடு போனவனை, கிலோக் கணக்கில் பிடிபட்டவர்களோடு ஒரே அறையில் இரண்டு வருடம் படுக்க வைத்தால் என்ன படித்துக்கொண்டு வருவான்? அது மட்டுமா, வெளியே உம்மாவின் தோடு அடகில், தங்கச்சியின் படிப்பு நிற்கிறது, வாப்பா வட்டிக்கு வாங்குகிறார். குற்றம் செய்தானா இல்லையா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. தண்டனை மட்டும் முழுக் குடும்பத்துக்கும் தொடங்கிவிட்டது.

2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்த நிலைமையை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அப்போது பிடிபட்டவர்களில் எத்தனை பேரின் வீட்டில் ஒரு கடதாசியை வாசிக்க ஆள் இல்லாமல் இருந்தது? போனால் எங்களையும் பிடிப்பார்களோ என்று சொந்தக்காரரே ஒதுங்கினார்கள். சட்டையில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று சொல்லி ஹஸலகவில் ஒரு சகோதரியை உள்ளே வைத்ததும் அந்தக் காலத்தில்தான். 2020இல் முகநூல் பதிவுக்காகக் கைதான ரம்ஸி ராஸிக் அவர்கள் ஐந்து மாதம் உள்ளே இருந்தார். 2023இல் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்புச் சொன்னது. நான் யோசிப்பது இதைத்தான்: அவரைப் போல் எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கே அது மூன்று வருடத்துக்கு மேலான ஓட்டம். ஷொப்பிங் பேக்கோடு நிற்கிற உம்மாவுக்கு?

இந்த மூன்று கிழமையில் நான் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். நான் சட்டம் படித்தவள் இல்லை. ஆசிரியர் கலாசாலையில் படித்து வெளியானவள். ஒவ்வொரு வழக்கும் வேறு, முடிவுகளைச் சட்டத்தரணியிடம் கேட்டே எடுங்கள். ஆனால் இவ்வளவாவது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிய வேண்டும்.

முதலாவது, வழக்கு இலக்கமும் நீதிமன்றத்தின் பெயரும் அடுத்த தவணையும். இந்த மூன்றும் இல்லாமல் யாராலும் உங்களுக்கு உதவ முடியாது. ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் என்ன நடந்தது, யார் எழும்பினார், அடுத்த திகதி என்ன என்று அன்றைக்கே எழுதுங்கள். நீதவான் ஒரு தடவைக்கு 15 நாளுக்கு மேல் விளக்கமறியல் நீடிக்க முடியாது என்பதால் தவணை அடிக்கடி வரும். இடைத்தரகர் சொல்லும் திகதியை நம்பாமல் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். உள்ளே இருக்கும் பிள்ளையிடமும் கேளுங்கள். அவனுக்குத் திகதி தெரியும். அந்தப் பிள்ளை 17 என்றுதான் சொன்னானாம். "அந்தக் காக்கா சொன்னதுதான் சரி எண்டு நினைச்சேன் டீச்சர்" என்று உம்மா அழுதார்.

இரண்டாவது, கடதாசி. ஒரு ஃபைல் வாங்குங்கள், நூறு இருநூறு ரூபாய்தான் போகும். எல்லாவற்றையும் திகதி வரிசையில் போடுங்கள். அசலை யாருக்கும் கொடுக்காதீர்கள், போட்டோப் பிரதி கொடுங்கள். வழக்கேட்டின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியை உங்கள் சட்டத்தரணி மூலம் கட்டணம் கட்டி எடுக்கலாம். அது கையில் இருந்தால் யாரும் உங்களுக்குக் கதை சொல்ல முடியாது.

மூன்றாவது, மொழி. வடக்குக் கிழக்குக்கு வெளியே நீதிமன்றம் சிங்களத்தில்தான் நடக்கும். ஆனால் அந்த மொழி விளங்காதவருக்கு உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் அரசு கொடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. அது சலுகை இல்லை, உரிமை. கேட்டால்தான் கிடைக்கும். பொலிஸில் வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கும் முன், "எனக்கு விளங்குற மொழியில வாசிச்சுக் காட்டுங்க" என்று கேட்கலாம் என்பதை உங்கள் பிள்ளைகளுக்கு இன்றைக்கே சொல்லிக் கொடுங்கள். முக்கியமாகக் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு.

நான்காவது, சட்டத்தரணி. அவரோடு நேரில் பேசுங்கள், காசைக் கொடுத்தால் ரசீது கேளுங்கள். வசதி இல்லை என்றால் 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவாக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணி தருவார்கள். பல நீதிமன்றக் கட்டடத் தொகுதிகளிலேயே அலுவலகம் உண்டு. மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் கொடுத்த பிறகு சட்டத்தரணி இல்லாதவருக்கு நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும். இது எதுவும் அந்த உம்மாவுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் மூன்று கிழமைக்கு முதல் எனக்கும் தெரியாது.

ஐந்தாவது, நாள் கணக்கு. தண்டனை கிடைத்தால் மேன்முறையீட்டுக்கு 14 நாள்தான். உள்ளே இருப்பவர் சிறை அத்தியட்சகர் ஊடாகவும் மேன்முறையீடு செய்யலாம். கைதிலோ தடுத்துவைப்பிலோ அடிப்படை உரிமை மீறப்பட்டிருந்தால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் இலக்கம் 1996. நாற்பது முடியட்டும், பெருநாள் முடியட்டும், மச்சான் வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்று இருந்தால் நாள் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா வழக்கும் இப்படிக் கடினமானதும் இல்லை. சாதாரண வழக்குகளுக்கு 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதுதான் பொதுவிதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே கிடப்பவர்களும் நாட்டில் நிறையப் பேர். தண்டப்பணத்தைத் தவணை முறையில் கட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். கேட்க ஒரு ஆள் இல்லாததால்தான் அவர்கள் உள்ளே இருக்கிறார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதை எழுத வேண்டும் என்று நினைத்ததே இதற்காகத்தான்.

அன்றைக்கு எல்லாம் வாசித்து முடித்து, உம்மா பையைக் கட்டிக்கொண்டு எழும்பும்போது கேட்டார்: "டீச்சர், பிணை கிடைச்சா கையெழுத்து வைக்க நிரந்தர வருமானம் உள்ள ரெண்டு பேர் வேணுமாம். நீங்க கவர்மெண்ட் உத்தியோகம்தானே..."

நான் பதில் சொல்லவில்லை. "வீட்டில கேட்டுச் சொல்றேன் ராத்தா" என்றேன். அவருக்கு அது விளங்கிவிட்டது. "பரவால்ல டீச்சர், வாசிச்சித் தந்ததே பெரிய விஷயம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் இரவெல்லாம் என்னைத் தூங்கவிடவில்லை.

அவன் பிடிபட்ட செய்தி நான்கு மாதத்துக்கு முதலே ஆசிரியர் ஓய்வறையில் எனக்குத் தெரியும். "அல்லாஹ் பாதுகாக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். அந்த வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் நான் இருக்கிறேன். மௌத்து வீடு என்றால் போயிருப்பேன். கலியாண வீடு என்றால் போயிருப்பேன். பிள்ளை சிறைக்குப் போன வீட்டுக்குப் போக எங்களுக்கு வழக்கமில்லை.

சரீரப் பிணை என்றால் என்ன என்று சட்டத்தரணியிடம் விலாவாரியாகக் கேட்டேன். நான் பயந்தது போல் அவனுடைய குற்றத்துக்கு நான் பொறுப்பு இல்லை. அவன் தவணைக்கு வருவான் என்பதற்குத்தான் பொறுப்பு. அவன் ஓடினால், பிணைமுறியில் எழுதிய தொகையைக் கட்டச் சொல்லி நீதிமன்றம் என்னைக் கூப்பிடலாம். கட்டாவிட்டால் எனக்கும் பிரச்சினைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் பிறகு நம்பிக்கை போய்விட்டால் பிணையிலிருந்து என்னை விடுவிக்கச் சொல்லி நீதிமன்றத்துக்கே விண்ணப்பிக்கலாம். கொண்டுபோக வேண்டியது அடையாள அட்டை, பிரதேச செயலாளர் ஒப்பமிட்ட கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ், சம்பளப் பத்திரம்.

சம்பளப் பத்திரம் என்றவுடன் ஒன்று ஞாபகம் வந்தது. போன வருடம் எங்கள் பாடசாலையில் ஒரு ஆசிரியருக்கு வங்கிக் கடன் எடுக்க நான் பிணை நின்றேன். பத்து இலட்சத்துக்கு மேல். இடைவேளையில், வடை சாப்பிட்டுக்கொண்டு, வாசிக்காமலே கையெழுத்து வைத்தேன். அவர் கட்டாவிட்டால் என் சம்பளத்தில் வெட்டுவார்கள். ஒருவரும் "ஏன் டீச்சர்?" என்று கேட்கவில்லை. வீடு கட்டுகிற மனிதனுக்கு நாங்கள் எல்லோரும் பிணை. அதை விட ஆபத்துக் குறைந்த ஒரு கையெழுத்தை, எட்டாம் ஆண்டில் என் முன்னால் இருந்து கட்டுரை எழுதின ஒரு பிள்ளைக்கு வைக்கத்தான் கை நடுங்குகிறது. பயம் காசுக்கில்லை. "அவ குடுக்காரனுக்குக் கையெழுத்து வெச்சா" என்ற பேச்சுக்குத்தான்.

எல்லோரும் எல்லோருக்கும் பிணை நில்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆளைத் தெரியாமல், வீட்டைத் தெரியாமல் வைக்கக் கூடாது. ஆனால் தெரிந்த பிள்ளை, தெரிந்த வீடு, கேட்டுப் பார்த்து நம்பிக்கை வந்தால், பேச்சுக்குப் பயந்து பின்வாங்குவது சரியில்லை.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் ஒரு கோரிக்கை. பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். கிழமையில் ஒரு நாள், அஸருக்குப் பிறகு, ஒரு அறை, ஒரு மேசை. ஊரில் நீதிமன்றத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். சிங்களம் நன்றாக வாசிக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சட்டம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வழக்கு நடத்த வேண்டாம், காசு கொடுக்கவும் வேண்டாம். கடதாசியை வாசித்து, திகதியைக் குறித்துக் கொடுத்து, எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னால் போதும். பெண்கள் வந்து பேச ஒரு பெண்ணும் இருக்க வேண்டும். இந்த அலுவல்களுக்கு அலைவது பெரும்பாலும் உம்மாமாரும் மனைவிமாரும்தான், ஆண்கள் நிறைந்த அறைக்குள் அவர்கள் வரமாட்டார்கள். எங்கள் ஊரில் தொடங்கினால் அந்தக் கதிரையில் நான் இருக்கிறேன்.

ஏழைக்கும் அநாதைக்கும் உணவளிப்பதைப் பற்றிச் சொல்லும் அதே வசனத்தில்தான் குர்ஆன் கைதியையும் சேர்த்துச் சொல்கிறது (76:8). அந்தக் கைதி நல்லவனா என்று கேட்டுவிட்டுக் கொடு என்று அங்கே இல்லை.

அந்தப் பிள்ளையின் விஷயம்: சட்ட உதவி ஆணைக்குழு மூலம் ஒரு சட்டத்தரணி கிடைத்திருக்கிறார். மேல் நீதிமன்றத்துக்குப் பிணை மனு போயிருக்கிறது. அடுத்த மாதம் தவணை. பிணை கிடைக்குமா தெரியாது. வழக்கு முடிவில் என்ன வரும் என்பதும் தெரியாது. அது நீதிமன்றத்தின் வேலை. நேற்று கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழுக்குக் கொடுத்திருக்கிறேன். "எதுக்கு டீச்சர்?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுதினார்.

வீட்டில் அவருக்கு இன்னும் முழு விருப்பம் இல்லை. ஆனால் கொழும்புக்குப் போக இரவு பஸ்ஸில் இரண்டு சீட் புக் பண்ணச் சொல்லியிருக்கிறார். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு.

துஆச் செய்யுங்கள். உங்கள் ஒழுங்கையிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். இந்தக் கிழமை ஒருதரம் போய், "என்ன கடதாசி வந்திருக்கு, காட்டுங்க" என்று கேளுங்கள்.